பனிமயதாசன் என்னும் சந்திரபாபு

சென்ற ஆண்டு விழாவில் நம் சங்கத்துச் சிறுவன் ஒருவன், ‘மரகதம்’ திரைப்படத்தில் சந்திரபாபு பாடிய பாட்டைப் பாடி ஆடியபோது அரங்கம் கைதட்டி ஆரவாரித்தது. விழா முடிந்தபின் சங்கத்து மூத்தோர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, திருக்குறளும் தேவாரமும் ஒலித்த மேடையில் மேனாட்டுப் பாணிக் கூத்துக்கு இடம் தந்தது முறையோ என்று வினவினார். அவர்பால் நான் பெருமதிப்பு உடையவன். ஆதலின் மறுமொழி கூறாது வாளாவிருந்தேன். அவ்வினாவுக்கு விடையாகவே இவ்வாண்டு மலரில் அக்கலைஞரின் வாழ்க்கையை எழுத முற்பட்டேன். புலவர்களும் வள்ளல்களும் விடுதலை வீரர்களும் வழக்கமாக வீற்றிருக்கும் பக்கங்களில் ஒரு நகைச்சுவை நடிகருக்கு இடம் கேட்டபோது மறுக்காத மலர்க் குழுவினருக்கு முதற்கண் என் நன்றி.

சந்திரபாபுவின் வரலாற்றைத் தூத்துக்குடியில் தொடங்குவதே எல்லோரும் செய்வது. நான் கொச்சியில் தொடங்குகிறேன். 1530-களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் குலத்தார் சிலர் கொச்சிக்கு வந்தனர். முத்துச் சலாபத்தின் பொருட்டுத் தமக்கு நேர்ந்த இன்னல்களினின்று காப்புத் தேடி, இங்கிருந்த போர்ச்சுகீசியரை நாடி வந்த தூதுக் குழுவினர் அவர்கள். இந்நகரிலேயே திருமுழுக்குப் பெற்று ஊர் திரும்பினர். அவர்களைப் பின்பற்றிக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பல்லாயிரவர் கிறிஸ்தவ சமயம் தழுவினர். பெர்னாண்டோ, டி குரூஸ், ரொட்ரிகஸ் முதலிய போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர்கள் தமிழ்க் கடற்கரையில் வேரூன்றின. அத்தகைய ரொட்ரிகஸ் குடும்பம் ஒன்றில் 1927 ஆகஸ்டுத் திங்களில் தூத்துக்குடியில் பிறந்தவரே நம் கலைஞர். நம் ஊர்த் துறைமுகத்துக்கும் அவர் பெயருக்கும் இடையே நானூறு ஆண்டு உறவு உண்டு என்பதை மட்டாஞ்சேரி அன்பர்கள் நினைவில் கொள்வாராக.

அவருடைய இயற்பெயர் ஜோசப் பனிமயதாசன். குழந்தைப் பருவத்தில் கடுங்காய்ச்சல் கண்டு பிழைப்பதே அரிதென்னும் நிலை வந்தபோது, பெற்றோர் தூத்துக்குடி பனிமய மாதா ஆலயத்தில் நேர்ந்துகொண்டனர்; குழந்தை பிழைத்தது; அன்னையின் அடியவன் என்னும் பொருள்பட அப்பெயர் அமைந்தது. வல்லார்பாடத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. 1524-இல் போர்ச்சுகீசியர் நிறுவிய ஆலயத்தின் வழித்தோன்றலாகிய நம் தீவின் மாதா கோயிலில், தம்மையும் தம் மக்களையும் அன்னைக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து, முற்றத்தைத் துடைப்பத்தால் பெருக்கிச் செல்லும் அடியார்களை நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? சாதி சமயம் பாராது அனைவரும் செய்யும் அவ்வழிபாட்டுக்கும் அந்தப் பெயருக்கும் உள்ளம் ஒன்றே. பாபு என்பது வீட்டில் வழங்கிய செல்லப் பெயர். பரதவர் தம்மைச் சந்திர குலத்தார் என்று கூறிக்கொள்ளும் மரபு பற்றிச் சந்திரன் அதனோடு சேர்ந்தது.

தந்தையார் நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டவர். ‘சுதந்திர வீரன்’ என்னும் இதழை நடத்தியவர். அரசின் சினத்துக்கு ஆளாகி, சிறை கண்டு, உடைமை இழந்து, குடும்பத்தோடு கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது. விடுதலை வீரர்களின் வரலாற்றையே இம்மலர் விரும்புமாயின், அவ்வகையிலும் இக்குடும்பத்துக்கு இடம் உண்டு! சிறுவன் சந்திரபாபு கொழும்பிலேயே வளர்ந்து அங்கேயே கல்வி பயின்றான்.

வேற்று மண்ணில் வளரும் தமிழ்க் குழந்தையின் செவியில் என்னென்ன புகும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. கொழும்புத் தெருக்களில் அக்காலத்தில் ஒலித்தவற்றுள் ஒன்று பைலா என்னும் ஆட்டப் பாட்டு. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்ச்சுகீசியச் சொல்லினின்று வந்தது அப்பெயர். போர்ச்சுகீசியரும், அவர்கள் கொணர்ந்த ஆப்பிரிக்க மக்களும், இலங்கை மக்களும் கலந்த வாழ்விலிருந்து பிறந்தது அவ்விசை. பிரேசில் நாட்டுச் சாம்பாவையும் கியூபா நாட்டு ரும்பாவையும் இலத்தீன் இசை என்று உலகம் கொண்டாடுகிறது. கடல் வணிகமும் அடிமை வணிகமும் கூட்டிச் சேர்த்த அத்தகைய கலப்பிசையில் நம் பங்கு பைலா எனலாம். அதனோடு ஆங்கிலத் திரைப்படங்களும் கிராமபோன் இசைத்தட்டுகளும் அந்நகரில் மலிந்திருந்தன.

அவ்விசைத்தட்டுகள் வழியே கடல் கடந்து பரவியதே யோடலிங் என்னும் பாடும் முறை. நெஞ்சிலிருந்து எழும் இயல்பான குரல் சட்டென்று உடைந்து மேலேறி, கள்ளக் குரலைத் தொட்டு, மீண்டும் கீழிறங்குவது அது. ஆல்ப்ஸ் மலைச் சாரலில் ஆயர்கள் ஒருவரையொருவர் கூவி அழைத்ததில் தோன்றியது என்பர். அதை அமெரிக்காவில் இசைத்தட்டு வாயிலாகப் பெரும்புகழ் பெறச் செய்தவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். அவர் யார் தெரியுமா? எங்கள் இனத்தவர், இரயில்வே ஊழியர்! வண்டியில் பிரேக் இயக்கும் பணியாளராக இருந்து, காசநோயால் அவ்வேலையை விட நேர்ந்து, பாட வந்தவர். அவர் தம் முதல் இசைத்தட்டுக்காகப் பாடிய நாள் 1927 ஆகஸ்டு 4. நம் சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்ததும் அதே திங்களில்தான். இதில் பெரிய பொருள் ஒன்றும் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் சரக்குச் சீட்டுகளோடு வாழ்நாளைக் கழிக்கும் என் போன்றவனுக்கு இது ஒரு மகிழ்ச்சி.

1943-இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. திரையுலகில் புகவேண்டும் என்னும் வேட்கை இளைஞரைப் பற்றிக்கொண்டது. எழுத்தாளர் பி. எஸ். ராமையா இயக்கிய ‘தன அமராவதி’ படத்தில் 1947-இல் சிறு வேடம் ஒன்று கிடைத்தது. அதன்பின் பல ஆண்டு ஸ்டூடியோ வாயில்களில் நிற்பதே தொழிலாயிற்று. அவருடைய பேச்சும் உடையும் நடையும் அக்காலத் திரையுலகுக்குப் பொருந்தவில்லை. தியாகராஜ பாகவதரின் தேன்குரலையும் சின்னப்பாவின் கம்பீரத்தையும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, தொண்டையை உடைத்துப் பாடும் இவ்விளைஞர் விந்தையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

1952-இல், ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசனைக் காணப் பன்முறை முயன்றும் இயலாமையால் மனமுடைந்து, அந்த ஸ்டூடியோவுக்குள்ளேயே நஞ்சருந்திவிட்டார். உயிர் பிழைத்தார்; ஆனால் தற்கொலை முயற்சி அந்நாளில் குற்றம் ஆதலால் வழக்கும் வந்தது. நீதிமன்றத்தில் அவர் தீக்குச்சியைக் கொளுத்தித் தம் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு, காயத்தைக் காண்பவர் காணலாம், எரிவை உணர்பவன் தான் ஒருவனே என்னும் கருத்தை விளக்கினார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. எவ்வாறாயினும் நீதிபதி இரக்கம் காட்டி விடுவித்தார். வாசனும் தம் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு இடம் அளித்தார். பட்டினியின் வாயிலில் நின்ற எத்தனை பேருக்கு இப்படி ஒரு கதவு திறந்தது? நூற்றில் ஒருவருக்கு இராது. இளைஞர்கள் இதை வழியாகக் கொள்ளலாகாது.

பின்னர் வந்த பத்தாண்டும் அவருடையவை. 1952-இலேயே ‘குமாரி’ படத்தில் அவர் பாடிய பாட்டு, உலகம் விளங்காத ஏழை ஒருவனின் திகைப்பை நகையும் வருத்தமுமாகச் சொல்லிற்று. 1954-இல் ஏ. வி. எம்.-இன் ‘பெண்’ படத்தில் எஸ். பாலசந்தருக்காகப் பின்னணி பாடினார்; வீணையில் ஈடிணையற்று விளங்கிய மேதையே அந்தப் பாலசந்தர் என்பதை இளையோர் அறிதல் நலம். ‘குலேபகாவலி’, ‘மணமகன் தேவை’, ‘புதையல்’, ‘நாடோடி மன்னன்’, ‘சபாஷ் மீனா’, ‘மரகதம்’, ‘சகோதரி’ என்று படங்கள் தொடர்ந்தன. 1958-இல் பந்துலுவின் ‘சபாஷ் மீனா’வில் இரு வேடம் ஏற்று, அதில் ஒன்றாகச் சென்னை ரிக்ஷாக்காரராகவே மாறிப்போனார். கொழும்பில் வளர்ந்தவர் சென்னைத் தெருப்பேச்சைப் பிறவியிலேயே பேசியவர் போல் பேசியது வியப்பு. 1959-இல் ‘சகோதரி’ படம் முடிந்தபின் சோர்வாக இருக்கக் கண்டு, சந்திரபாபுவின் பால்காரர் வேடத்தைப் பின்னர் இணைத்தே அதை ஏ. வி. எம். வெளியிட்டது. ஒருவர் பெயரால் படம் பிழைக்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்க.

இனி அவருடைய பாட்டைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூத்தவரின் வினா அதைப் பற்றியதே.

சந்திரபாபு மேனாட்டு இசையைப் பின்பற்றினார் என்பது உண்மை. ஆனால் அவர் பாட்டில் ஒரு சொல்லாவது கேட்பவர்க்குப் புரியாமற் போனதுண்டோ? ‘புதையல்’ படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மெட்டு மேனாட்டுத் துள்ளல். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இருவரின் இசையும் அவ்வகையே. ஆயினும் தன்னலம் துறந்த காதலனின் வாக்குறுதியாக ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே நிறுத்தி, எழுத்துப் பிழையின்றி வந்து விழுகிறது. தாளம் ஓடும், சொல் ஓடாது. ‘மரகதம்’ பாட்டில் கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதிய வரிகளில் மலரும் புறாவும் வரும். அவரும் ஜமுனாராணியும் பாட, எஸ். எம். சுப்பையா நாயுடு அமைத்த இசையில் நடனத்துக்கு உரிய ஓட்டம் இருக்கும். நம் சிறுவன் பாடியது அதைத்தான். அவன் கொச்சியிலேயே பிறந்தவன். தமிழ் எழுத்துக்கூட்டியே படிக்கிறான். பேச்சில் மலையாளமும் ஆங்கிலமும் கலக்கின்றன. அந்தப் பாட்டில் மட்டும் அவன் ஒலித்த தமிழில் குற்றம் காண முடியவில்லை. இசைத்தட்டில் கேட்டதை அப்படியே ஒப்பித்தான். அதில் குற்றம் இருந்தால் அவன் நாவிலும் இருந்திருக்கும்.

கள்ளக் குரல் கருநாடக இசைக்கு ஆகாது என்பர் கற்றறிந்தோர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்திரபாபு அதைக் கையாண்ட இடங்களைக் கவனியுங்கள். சொல் முடிந்த இடத்திலேயே அது தொடங்கும். சொல்லை அது கெடுப்பதில்லை. நகைப்பு வேண்டும் இடத்தில் துள்ளலாகவும், துயரம் வேண்டும் இடத்தில் விம்மலாகவும் அதே உடைந்த குரல் நின்றது. ‘சகோதரி’யில் தன்னைத் தானே அறிவிலி என்று சொல்லிக்கொண்டு அவர் பாடும் பாட்டில் மக்கள் சிரித்தனர், அதே கருத்தை 1962-இல் ‘அன்னை’ படத்தில் அறிவுடையோர்க்கும் வெற்றிக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பாட்டாகப் பாடியபோது சிரிப்பு நின்று சிந்தனை பிறந்தது. சுத்தமான கருநாடகக் குரலுக்கு அந்த இரண்டும் ஒரே தொண்டையில் வந்திருக்குமா என்பது என் ஐயம். இசை கற்றவன் அல்லேன்; கேட்டவன் என்னும் உரிமையில் சொல்கிறேன்.

அன்னிய நாட்டு ஆட்டத்துக்குத் தமிழ்ச் சொல் பொருந்துமா என்பதே ஐயமாயின், அதற்கு விடை நாம் வாழும் இக்கரையிலேயே உண்டு. கொச்சி, கோதுருத்து முதலிய இடங்களில் இலத்தீன் வழிபாட்டுக் கிறிஸ்தவர் ஆடிவரும் சவிட்டு நாடகத்தைக் கண்டிருப்பீர்கள். ஐரோப்பிய வீரர் போல் பளபளக்கும் உடை அணிந்து, பலகை அதிர மிதித்து, சார்லமேன் மன்னனின் வரலாற்றைக் ‘காறல்மான் சரிதம்’ என்று ஆடுவர். அதன் பழைய பாடல்கள் எம்மொழியில் அமைந்தவை? பெரும்பாலும் தமிழில்! அவற்றை எழுதியவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவியும் தமிழரே. மேனாட்டுக் கதையும் மேனாட்டு உடையும் தமிழ்ச் சொல்லும் மலையாள நாட்டில் கைகோத்து ஆடிப் பல நூற்றாண்டு ஆயிற்று. சந்திரபாபு புதுமை எதுவும் செய்துவிடவில்லை. பழைய வழக்கம் ஒன்றைத் திரைக்குக் கொணர்ந்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

வாழ்வின் மறுபக்கத்தைக் கூறாமல் விட்டால் இது புகழ்மாலை ஆகுமேயன்றி வரலாறு ஆகாது.

1958-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் தம் உள்ளம் முன்பே வேறொருவரிடம் சென்றதை அவரிடம் தெரிவிக்க, அவர் சினவாது அவ்வம்மையை விடுவித்து வழியனுப்பினார். பின்னர் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பாக்கியராஜின் 1981-ஆம் ஆண்டுத் திரைப்படம் ‘அந்த 7 நாட்கள்’ இந்நிகழ்ச்சியைத் தழுவியது என்பாரும் உளர். இதில் மேலும் எழுத எனக்கு மனம் இல்லை.

1960-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தில் கதாநாயகரானார். படப்பிடிப்புக்கு அவர் குறித்த நேரத்தில் வாராது கவிஞரை வருத்தியதும், படம் தோற்றுக் கவிஞர் கடனில் மூழ்கியதும் கவிஞர் தாமே எழுதிவைத்த செய்திகள். கவலை இல்லாதவன் பெயரால் எடுத்த படம் அனைவருக்கும் கவலையையே தந்தது! எனினும் பிறப்பிலும் அழுகை இறப்பிலும் அழுகை, இடையிலேனும் சிரித்துவிடு என்னும் கருத்தில் அப்படத்துக்காகக் கவிஞர் எழுதி, சந்திரபாபு பாடிய பாட்டு இருவரையும் வாழவைக்கிறது. இவ்விருவர் சண்டையில் பழி யார் பக்கம் என்று கேட்டால், கடன் பட்டவர் பக்கமே என் அனுதாபம். இருபது பேர் காத்திருக்க ஒருவர் வாராமலிருப்பதைக் கலைஞனின் இயல்பு என்று மன்னிக்க, கால அட்டவணையில் பழகிய எனக்கு முடியவில்லை.

நாவை அடக்கத் தெரியாதவர் அவர். எத்துணைப் பெரியவராயினும் தோழன் போல் அழைப்பார். முன்னணி நடிகர்களின் குறைகளைப் பத்திரிகையாளரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுவார். அகந்தை என்றனர் சிலர். கள்ளமின்மை என்றனர் சிலர். இரண்டும் இருந்திருக்கலாம். எம். ஜி. ஆரைக் கதாநாயகராகக் கொண்டு ‘மாடி வீட்டு ஏழை’ என்னும் படத்தைத் தம் முதலைப் போட்டுத் தொடங்கினார். சில நாள் படப்பிடிப்போடு அது நின்றுபோயிற்று. அதைப் பற்றி அவர் தரப்பில் ஒரு கதை உண்டு, மறுதரப்பிலும் உண்டு. இருவருமே மறைந்தபின் நாம் நீதிபதியாக அமர வேண்டுவதில்லை. முடிவு மட்டும் தெளிவு: கடன் ஏறியது, கேசவபெருமாள்புரத்தில் ஆசையோடு கட்டிய மாளிகை கைவிட்டுப் போயிற்று. மகிழுந்தை மாடிவரை ஓட்டிச் செல்லும்படி அதை அமைத்தார் என்பர். தம் படத்துக்கு இட்ட பெயர் தமக்கே பொருந்திவிட்டது. 1966-இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தைத் தாமே இயக்கி நடித்தார். விவிலியத்தினின்று எடுத்த பெயர் அது, கதவு திறக்கவில்லை.

ஆயினும் அவ்வாண்டுகளிலும் ஒளிக்கீற்று உண்டு. 1965-ஆம் ஆண்டுப் போரை ஒட்டி எல்லைக்குச் சென்று வீரர்களை மகிழ்வித்த தமிழ்த் திரைக் கலைஞர்கள், தில்லியில் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனைக் கண்டனர். அங்கே சந்திரபாபு ‘கவலை இல்லாத மனிதன்’ பாட்டைப் பாட, தத்துவப் பேராசிரியராகிய அப்பெரியார் மெய்ம்மறந்து பாராட்டினார். உவகை மிகுந்த சந்திரபாபு ஓடிச் சென்று குழந்தைபோல் அவர் மடியிலேயே அமர்ந்துவிட்டார் என்று உடனிருந்தோர் சொல்லிச் சிரிப்பதுண்டு. சுதந்திர வீரனின் மகனுக்குச் சுதந்திர நாட்டின் தலைவர் மடி கிடைத்தது தகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மது அவரைப் பற்றியிருந்தது; வலி மறக்கப் போட்டுக்கொண்ட மருந்து ஊசியும் பழக்கமாயிற்று. பழைய சினம் மறந்து எம். ஜி. ஆர். தம் ‘அடிமைப் பெண்’ படத்தில் 1969-இல் வேடம் அளித்தார். 1972-இல் சிவாஜியின் ‘ராஜா’விலும் நடித்தார். அவற்றைப் பார்த்தால் உடல் தளர்ந்ததும் கண்ணில் பழைய குறும்பு மாறாததும் தெரியும். இறுதிவரை நண்பராக நின்றவர் எம். எஸ். விஸ்வநாதன். பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்த அவருக்கும், தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த இவருக்கும் தமிழ்ப் பாட்டே பொது வீடாக இருந்தது.

1974 மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள் சென்னையில் சந்திரபாபு காலமானார். அகவை 46.

2027 ஆகஸ்டு அவருக்கு நூற்றாண்டு. பனிமய மாதாவின் திருவிழாவும் அதே திங்கள் 5-ஆம் நாளே. நம் சங்கத்துச் சிறுவன் இப்போது ‘அன்னை’ படப் பாட்டைப் பயின்றுவருகிறான். சொற்களைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு படிக்க வேண்டும் என்னும் நிபந்தனையின் பேரில். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த அன்பர் எவரேனும் இருப்பின் ஞாயிறு மாலைகளில் சங்கத்துக்கு வந்து உதவலாம். வினா எழுப்பிய மூத்தவரையும் முன்வரிசையில் அமரும்படி வேண்டிக்கொண்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.